வெற்றுச் சுவிட்சு யாருக்குச் சொந்தம்?

“வெளி ஆள் கை வைத்தால் வாரண்டி போய்விடும்.” புதிய வண்டி வாங்கியவர்களில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் ஷோரூமை விட்டு வெளியே வந்தவர் அரிது. ஏதோ சட்ட விதியைப் படித்துக் காட்டும் தோரணையில்தான் அது சொல்லப்படுகிறது. எந்தச் சட்டத்தில், எந்தப் பிரிவில் என்று திருப்பிக் கேட்டால் மட்டும் பதில் வராது. அந்த வாக்கியத்தை எதிர்த்தே இந்தப் பதிவை எழுதுகிறேன். எதிர்ப்பதற்கு நான் எடுத்துக்கொள்ளும் பொருள் மிகச் சிறியது: டேஷ்போர்டில் வேலை ஏதும் இல்லாமல் கிடக்கும் சுவிட்சு.

விலை குறைந்த வேரியண்ட் எதையேனும் பாருங்கள். ஸ்டியரிங்கிற்கு வலப்புறம், முழங்கால் உயரத்தில், இரண்டு மூன்று சதுர இடங்கள் பிளாஸ்டிக் மூடியால் அடைக்கப்பட்டிருக்கும். சில வண்டிகளில் மூடிக்குப் பதிலாக உண்மையான சுவிட்சே இருக்கும்; அழுத்தினால் உள்ளே போகும், வெளியே வரும்; ஆனால் அதன் மறுமுனையில் விளக்கோ மோட்டாரோ இருக்காது. இதற்குக் காரணம் தொழிற்சாலையின் சிக்கனம். ஒவ்வொரு வேரியண்டுக்கும் தனித்தனி அச்சு செய்வதைவிட, எல்லாவற்றுக்கும் ஒரே டேஷ்போர்டு வார்ப்பது மலிவு. பல மாடல்களில் ஒயரிங்கும் அப்படியே. உயர்ந்த வேரியண்டுக்குரிய ஒயர் தாழ்ந்த வேரியண்டிலும் ஓடி, முனையில் கனெக்டரோடு பேனலுக்குப் பின்னால் சும்மா தொங்கும். ஆக, அந்தச் சதுரத்துக்கும் அதன் பின்னால் இருக்கும் செம்புக்கும் விலை கொடுத்தவர் வண்டியை வாங்கியவரே. ரசீதில் அது தனியாக எழுதப்படவில்லை என்பதால் இலவசமாக வந்ததாகாது.

சத்தியவேட்டை மனத்தில் வைத்து இதைப் பேசக் காரணம் உண்டு. 1960 ஏப்ரலில் நடந்த எல்லை மாற்றத்தில் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்துக்குச் சென்ற பகுதி இது. 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. வீட்டில் தமிழும் கடைப்பலகையில் தெலுங்கும் வழங்கும் ஊர். 2008-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீசிட்டி இந்த மண்டலத்தின் நிலத்தையும் சேர்த்து எழுந்தது. 2016 ஏப்ரலில் அங்கே இசுசுவின் பிக்அப் ஆலை திறக்கப்பட்டது. சத்தியவேடு மண்டலத்திலேயே ஹீரோ மோட்டோகார்ப்பின் இருசக்கர வாகன ஆலையும் பின்னர் வந்தது. வண்டி பிறக்கும் இடம் இது. அதே நேரத்தில், ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னைச் சந்தைக்கு இரவில் சரக்கு ஏற்றிப் போகும் பிக்அப் வண்டிகளின் பாதையும் இது. ஆலையில் ஒயரிங் பொருத்தும் கையும், சாலையோரப் பட்டறையில் ஒயரிங் பார்க்கும் கையும் ஒரே தெருவிலிருந்து, சில வேளை ஒரே வீட்டிலிருந்து புறப்படுகின்றன. முதல் ஷிப்டில் அந்தக் கை செய்வதற்குப் பெயர் ‘தரம்’. மாலையில் அதே கை தன் சொந்த வண்டியில் ஓர் ஒயரைத் தொட்டால் அது ‘அங்கீகாரமற்ற தலையீடு’. கை மாறவில்லை, ஒயர் மாறவில்லை, கற்ற வித்தையும் மாறவில்லை. மாறியது ஒன்றுதான்: அந்த வேலைக்கான பணம் யாருக்குப் போகிறது என்பது.

சரக்கு வண்டிக்காரருக்கு என்ன வேண்டும்? இரவு இரண்டு மணிக்கு மூட்டை இறக்க, பின்தளத்தின் மேல் ஒரு விளக்கு. மார்கழிப் பனிக்கு ஒரு ஜோடி ஃபாக் லேம்ப். கேபினுக்குள் ஒரு சிறு மின்விசிறி. இவற்றை இயக்க ஒரு சுவிட்சு தேவை. டேஷ்போர்டில் இடம் இருக்கிறது. அந்த இடத்துக்கு அளவான சுவிட்சு கடையில் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தாதே என்று சொன்னால் அவர் தேவையை விட்டுவிடப் போவதில்லை. டேஷ்போர்டில் துளையிட்டு வேறொரு சுவிட்சை மாட்டுவார். அல்லது சிகரெட் லைட்டர் துளையில் பிளக்கைச் செருகி, கியர் லீவரைச் சுற்றி ஒயரைத் தொங்கவிடுவார். ஓட்டும்போது கண் சாலையை விட்டு விலகி அந்தச் சுவிட்சைத் தேடும். ஆகவே, ஏற்கெனவே உள்ள இடத்தை முறையாகப் பயன்படுத்துவதே இருப்பவற்றில் பாதுகாப்பான வழி. தடை அவரை அதைவிட மோசமான வழிக்குத்தான் தள்ளுகிறது.

‘முறையாக’ என்ற சொல்லை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. 55 வாட் பல்பு இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர். டேஷ்போர்டுச் சுவிட்சின் தொடுமுனைகள் பெரும்பாலும் இவ்வளவு மின்னோட்டத்தைத் தொடர்ந்து தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. அதன் வழியாகவே விளக்குக்கு மின்சாரம் கொடுத்தால் முனை சூடேறும், பிளாஸ்டிக் இளகும். இதற்குத்தான் ரிலே. சுவிட்சு ரிலேயின் சுருளை மட்டும் இயக்கும். அதற்கு வேண்டியது ஓர் ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. விளக்குக்கான 9 ஆம்பியர் பேட்டரியிலிருந்து தனி ஒயரில், ஃபியூஸ் வழியாக, ரிலேயின் 30-ஆம் முனையில் நுழைந்து 87-ஆம் முனையில் வெளியேறும். 85, 86 முனைகள் சுருளுக்கு உரியவை. ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில், ஒரு சாண் தொலைவுக்குள், இருக்க வேண்டும். ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் இடைப்பட்ட ஒயர் எங்கேனும் உராய்ந்து பாடியைத் தொட்டால் அதைக் காக்க எதுவும் இல்லை என்பதே காரணம். இந்த ஐந்தாறு வாக்கியங்களை நல்ல எலக்ட்ரீஷியன் எவரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இதில் நிறுவனத்தின் தொழில் ரகசியம் எங்கே இருக்கிறது?

எதிர்த்தரப்பின் முதல் வாதம் தீ. வெளியே செய்த ஒயரிங்கால் வண்டிகள் எரிகின்றன என்கிறார்கள். எரிகின்றன, மறுக்கவில்லை. ஏன் எரிகின்றன என்ற அடுத்த கேள்வியில்தான் அவர்கள் நின்றுவிடுகிறார்கள். ஃபியூஸ் இல்லாத இணைப்பு, முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட், அளவுக்கு மெலிந்த ஒயர், எந்த ஒயர் எதற்கு என்று தெரியாமல் உறையைக் கீறிக் கொக்கி போடுவது ஆகியவையே காரணங்கள். முதல் மூன்றும் பயிற்சிக் குறைவால் வருபவை. பட்டறைக்காரரைத் தாராளமாகக் குறை சொல்லுங்கள், பயிற்சியும் கொடுங்கள். நான்காவது காரணத்துக்கு நிறுவனமே பொறுப்பு. எந்த ஒயர் எதற்கு என்று சொல்லும் வரைபடத்தை அது பூட்டி வைத்திருக்கிறது. ஒருவர் கண்ணைக் கட்டிவிட்டு, அவர் தடுக்கி விழுந்ததும் “பார், இவனுக்கு நடக்கத் தெரியவில்லை” என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

வரைபடத்தைத் திறந்து வைப்பது இதுவரை கேள்விப்படாத கோரிக்கையும் அல்ல. அம்பாசிடர் போன்ற பிரிட்டிஷ் மரபு வண்டிகளின் ஒயரிங் லூகாஸ் நிறக்குறியீட்டைப் பின்பற்றியது. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வரும் மின்சாரம். வெள்ளை என்றால் இக்னிஷன் சாவி திருப்பியபின் வருவது. பச்சை என்றால் அதே மின்சாரம் ஃபியூஸைக் கடந்து வருவது. கறுப்பு என்றால் எர்த்து. ஆங்கிலம் படிக்கத் தெரியாத பட்டறைச் சிறுவனும் நிறத்தைப் படித்தான். ஒரு தலைமுறை எலக்ட்ரீஷியன்கள் அந்த நிறங்களின் மூலமே தொழில் கற்றார்கள். இன்று நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் குறியீடு மாறுகிறது. வரைபடமோ அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தின் கணினிக்குள், கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது. வண்டியோடு தரப்படும் கையேட்டில் பாட்டுப் பெட்டியை எப்படி இயக்குவது என்பதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் உண்டு. மின்சுற்றுக்கு ஒரு பக்கம் கிடையாது.

இரண்டாவது வாதம் நவீனத்துவம். “இது பழைய காலத்து வண்டி அல்ல, எல்லாம் எலக்ட்ரானிக்ஸ்” என்பார்கள். உண்மை. இன்றைய பல வண்டிகளில் சுவிட்சு விளக்குக்கு மின்சாரம் அனுப்புவதே இல்லை. ஒரு சிறு சமிக்ஞையை மட்டும் கட்டுப்பாட்டுக் கணினிக்கு அனுப்புகிறது. எந்த விளக்கை எரிப்பது என்று தீர்மானிப்பது அந்தக் கணினி. சிலவற்றில் ஒரே ஒயரில் பல சுவிட்சுகள். ஒவ்வொன்றும் வெவ்வேறு மின்தடையால் அடையாளம் காணப்படுகிறது. அத்தகைய ஒயரில் ரிலேயைக் கொண்டுபோய் இணைத்தால் ஹாரன் அடிக்க வேண்டிய இடத்தில் வைப்பர் ஓடலாம், கணினியே பழுதாகலாம். மஞ்சள் உறையும் மஞ்சள் கனெக்டரும் ஏர்பேக் சுற்றைக் குறிப்பவை. அதைத் தொடவே கூடாது. இவையெல்லாம் சரியே. ஆனால் இந்த உண்மைகளிலிருந்து வர வேண்டிய முடிவு எது? தொடக் கூடாத ஒயர்கள் இருப்பதால் எவை தொடக் கூடாதவை என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதா, எவருக்குமே தெரியக் கூடாது என்பதா? ஆபத்து கூடக் கூட அறிவிப்புப் பலகை பெரிதாக வேண்டும். இங்கே ஆபத்தைக் காரணம் காட்டிப் பலகையையே எடுத்துவிடுகிறார்கள்.

முடியாத காரியமும் அல்ல இது. அமெரிக்காவில் ஃபோர்டு தன் சூப்பர் டியூட்டி பிக்அப் வண்டிகளில், வாங்குபவர் விரும்பியதை இணைத்துக்கொள்வதற்கென்றே சில காலிச் சுவிட்சுகளை ஃபியூஸோடும் ரிலேயோடும் விருப்பத் தேர்வாகக் கொடுக்கிறது. எந்தச் சுவிட்சுக்கு எத்தனை ஆம்பியர், எந்த ஒயர் எங்கே முடிகிறது என்று கையேடும் சொல்கிறது. உழைக்கிறவர் தன் வண்டியில் ஏதாவது சேர்க்கத்தான் செய்வார் என்பதை ஒப்புக்கொண்ட வடிவமைப்பு அது. நம் ஊரில் விற்கும் சரக்கு வண்டிக்கு அந்த மரியாதை ஏன் இல்லை?

மூன்றாவது வாதம் சட்டம். இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். அச்சுறுத்தப் பயன்படுவது இதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள உயர் நீதிமன்றத்தின் தளர்ந்த விளக்கத்தை ஏற்க மறுத்து, இந்தத் தடையை உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தம் 182ஏ பிரிவை மாற்றி எழுதியது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். இதைக் காட்டி, சுவிட்சைத் தொட்டாலே குற்றம் என்கிறார்கள். ஆனால் 52-ஆம் பிரிவுக்கே ஒரு விளக்கக் குறிப்பு இருக்கிறது: ‘மாற்றம்’ என்பது வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றிவிடும் கட்டமைப்பு மாற்றம். பின்தளத்தில் மூட்டை இறக்க ஒரு விளக்கையும், அதை இயக்க ஏற்கெனவே இருந்த ஒரு சுவிட்சையும் இணைப்பதால் எந்தக் கட்டமைப்பு மாறியது? எந்த அடிப்படைத் தன்மை மாறியது? பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண், சேஸிஸ் எண், எரிபொருள், இருக்கைகள், எடை ஆகியவை உண்டு. சுவிட்சுக்கு அதில் கட்டமே இல்லை.

இதனால் எதை வேண்டுமானாலும் மாட்டலாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் வண்டியின் முகப்பில் ஸ்பாட் லைட் பொருத்துவதைத் தடுக்கின்றன, நியாயமான தடை. எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும் விளக்கையும், காதைக் கிழிக்கும் காற்று ஹாரனையும், அதிகாரிகளின் வண்டி போல மின்னும் சிவப்பு நீல விளக்கையும் எந்தச் சுவிட்சில் இணைத்தாலும் தவறு தவறுதான். நிறுவனம் கொடுத்த பாதுகாப்பு அம்சம் ஒன்றைத் துண்டித்துவிட்டு அதன் சுவிட்சை வேறு வேலைக்குத் திருப்புவதும் தவறு. நான் பேசுவது, அந்த வேரியண்டில் எந்த வேலையும் ஒப்படைக்கப்படாத சுவிட்சைப் பற்றி மட்டுமே. இந்தக் கோட்டைப் போக்குவரத்துத் துறை தெளிவாக எழுதி வைத்திருந்தால், எல்லை தாண்டும் ஓட்டுநர் சோதனையில் நிறுத்தப்படும்போது எதிரே நிற்பவரின் மனநிலையை நம்பியிருக்க வேண்டியதில்லை. விதி மங்கலாக இருக்கும் இடத்தில் விலை பேசப்படும் என்பது நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரியும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன வாரண்டிக்கு வருவோம். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தகவல்களையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததே குற்றச்சாட்டின் மையம். வெளியே பழுது பார்த்தால் வாரண்டி ரத்து என்ற நிபந்தனையும் அந்த விசாரணையில் கேள்விக்கு உள்ளானது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2016-இல் சில நிறுவனங்களுக்கு அபராதக் கணக்கை மாற்றிக் குறைத்தது. ஆனால் ஆணையம் சுட்டிய நோய் கற்பனை என்று எவரும் சொல்லிவிட முடியாது. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுது பார்க்கும் உரிமை’ குறித்துக் குழு அமைத்தது. வாகனத் துறையும் அதன் வரம்பில் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் இணையத்தளமும் திறக்கப்பட்டது. இணையத்தளம் திறப்பது எளிது. வரைபடத்தைத் திறக்க வைப்பதுதான் கடினம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 715/2007 விதிமுறை, தயாரிப்பாளர்கள் வெளிப் பட்டறைகளுக்குத் தர வேண்டிய தகவல்களின் பட்டியலில் மின்சுற்று வரைபடத்தைப் பெயர் சொல்லியே சேர்த்திருந்தது. அமெரிக்காவின் 1975-ஆம் ஆண்டு வாரண்டிச் சட்டம், வாரண்டி நீடிக்க வேண்டுமானால் தன் பெயர் பொறித்த பாகத்தையே வாங்க வேண்டும் என்று நிபந்தனை போட நிறுவனத்தைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. அந்த நாடுகளில் விற்கும் அதே நிறுவனங்கள்தான் இங்கும் விற்கின்றன. அங்கே வாய் மூடிக் கொடுப்பதை இங்கே கேட்டால் மட்டும் ‘பாதுகாப்பு’ நினைவுக்கு வருகிறது.

ஷோரூம்களில் நடப்பதையும் சற்றுக் கவனியுங்கள். வண்டி வாங்கும் நாளில் ‘ஆக்சசரி’ப் பட்டியலை நீட்டுவார்கள். அங்கேயே ஃபாக் லேம்ப் பொருத்தினால் அதே ரிலே, அதே ஃபியூஸ், அதே வெற்றுச் சுவிட்சு. வாரண்டிக்கு எந்தப் பங்கமும் வராது. மறுவாரம் அதையே வெளியே பொருத்தினால் எஞ்சின் பழுதுக்கும் அதுவே காரணமாகிவிடும். ஒரே செம்பு ஒரு கூரையின்கீழ் அசலாகவும் இன்னொரு கூரையின்கீழ் குற்றமாகவும் மாறும் இந்த ரசவாதத்துக்கு இயற்பியலில் விளக்கம் இல்லை. கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

சிறு விஷயத்துக்கு இவ்வளவு நீண்ட பதிவா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2022-இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் பிரிட்டன், தென் கொரியா உள்ளிட்ட சில நாடுகளில், காரில் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்த இருக்கைச் சூடேற்றியை இயக்க மாதச் சந்தா கேட்டது. பிரிட்டனில் மாதம் 15 பவுண்டு. சூடேற்றியும் ஒயரும் காரிலேயே இருந்தன. பூட்டு மென்பொருளில் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியது, 2023-இல் அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். நம் வெப்பத்தில் இருக்கைச் சூடேற்றி யாருக்கு வேண்டும் என்று சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். ஆனால் அதன் தர்க்கம் நம் வெற்றுச் சுவிட்சின் தர்க்கமே: பொருள் உன் வீட்டு வாசலில் நிற்கும், விலையை நீ கொடுத்திருப்பாய், பயன்படுத்தும் அனுமதி மட்டும் என்னிடம் இருக்கும். இன்று பிளாஸ்டிக் மூடிக்குத் தலையாட்டினால் நாளை மென்பொருள் பூட்டுக்கு மறுப்புச் சொல்ல நமக்கு நாக்கு எழாது.

இந்தக் கேள்விக்குள் ஓர் ஏற்றத்தாழ்வும் ஒளிந்திருக்கிறது. பல லட்சம் ரூபாய் வண்டிக்காரர் நிறுவனத்தின் ஆக்சசரியையே வாங்கிவிடுவார். அவருக்கு இது பிரச்சினை இல்லை. தவணையில் பிக்அப் எடுத்து, டீசல் விலையையும் டோல் கட்டணத்தையும் கணக்குப் பார்த்து ஓட்டுபவருக்குத்தான் ரிலே, ஃபியூஸ், ஒயர், கூலி எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாயில் முடியும் வேலை தேவைப்படுகிறது. அந்தச் சில நூறு ரூபாயில் பிழைப்பவர் பட்டறை எலக்ட்ரீஷியன். இருவரையும் சந்தேகத்துக்குரியவர்களாக நிறுத்தும் ஏற்பாட்டைத்தான் ‘வாடிக்கையாளர் பாதுகாப்பு’ என்று அழைக்கிறோம். கையால் செய்யும் அறிவுக்குச் சான்றிதழ் இல்லாவிட்டால் அது அறிவே இல்லை என்று நினைக்கும் நம் பழைய நோய்க்கு இங்கே நிறுவன முத்திரை கிடைத்திருக்கிறது.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு வண்டியின் மின்சுற்று வரைபடமும், வெற்றுச் சுவிட்சு இடங்களின் விவரமும், தொடக் கூடாத சுற்றுகளின் எச்சரிக்கையும் வாங்குபவருக்கு இலவசமாக, அவர் மொழியில் கிடைக்க வேண்டும். சத்தியவேட்டில் அது தமிழிலும் தெலுங்கிலும் இருக்கட்டும். இரண்டாவது, வாரண்டியை மறுக்கும் நிறுவனம், இந்த இணைப்புதான் இந்தப் பழுதை உண்டாக்கியது என்று எழுத்தில் நிறுவ வேண்டும். நிறுவும் சுமை வண்டிக்காரர் தலையில் விழக் கூடாது. மூன்றாவது, 52-ஆம் பிரிவின் விளக்கக் குறிப்பை அடிப்படையாகக் கொண்டு, அனுமதி தேவையில்லாத இணைப்புகள் எவை, தடை செய்யப்பட்டவை எவை என்ற பட்டியலைப் போக்குவரத்துத் துறை வெளியிட்டு, ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும்.

இவை வரும்வரை, பட்டறை நண்பர்களுக்கும் வண்டிக்காரர்களுக்கும் சொல்வது இதுதான்: ரிலே இல்லாமல் இணைக்காதீர்கள், ஃபியூஸைப் பேட்டரியின் அருகில் வையுங்கள், மஞ்சள் கனெக்டரைத் தொடாதீர்கள், எந்த ஒயர் என்று மீட்டர் வைத்து உறுதி செய்யாமல் உறையைக் கீறாதீர்கள், செய்த வேலையை ஒரு தாளில் வரைந்து வண்டியின் பெட்டியில் வையுங்கள், அடுத்துத் தொடுபவருக்கு உதவும். நிறுவனம் கொடுக்க மறுத்த வரைபடம் அப்படியேனும் துண்டு துண்டாகச் சேரட்டும். இனி யாரேனும் “வெளி ஆள் கை வைத்தால் வாரண்டி போய்விடும்” என்று சொன்னால், அதை எழுத்தில், பிரிவு எண்ணோடு தரச் சொல்லிக் கேளுங்கள்.